திகளர்பேட்டைக் கரகம்: நூலின்றிப் பெயர்ந்த ஒரு பாரத மரபு

கருநாடகத்தில் வாழும் தமிழர் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் எல்லையிலிருந்தே தொடங்குகின்றன. 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பின்போது, அதுவரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த கொள்ளேகால் வட்டம் மைசூர் மாநிலத்துடன் இணைக்கப்பட்டது. மாதேசுவரன் மலைக்கு அப்பால் காவிரியை ஒட்டிய காட்டில் அமைந்த கோபிநத்தம் போன்ற தமிழ் பேசும் சிற்றூர்கள் அவ்வாறு மைசூரைச் சேர்ந்தன. 1997ஆம் ஆண்டு மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராசநகர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அவை மீண்டும் ஒருமுறை பெயர் மாறின. கோபிநத்தம் என்றவுடன் செய்தித்தாள் படிப்போர்க்கு நினைவுக்கு வருவது சந்தனக் கடத்தல்காரர் வீரப்பனின் ஊர் என்பது ஒன்றே. அவ்வூர் மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பியவர் 1991இல் அதே காட்டில் கொல்லப்பட்ட வனத்துறை அதிகாரி பி. ஸ்ரீநிவாஸ் என்பதும், அவர் படம் அங்கு மரியாதையுடன் வைக்கப்பட்டுள்ளது என்பதும் பலர் அறியாதன. ஒரு கோயிலின் வரலாறு அவ்வூர் மக்களின் மொழி வரலாற்றுக்குள் முழுதும் அடங்கிவிடுவதில்லை.

எல்லை நகர்ந்ததால் கருநாடகத்தவரானோர் ஒருவகையினர். எல்லை என ஒன்று வரையப்படுவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே தாமே பெயர்ந்து சென்று, அந்நாட்டு மக்களாகவே ஆகிவிட்டோர் மற்றொரு வகையினர். இரண்டாம் வகையினர் தமிழ் ஆய்வுலகின் பார்வைக்கு எளிதில் அகப்படுவதில்லை. அவர்களிடம் தமிழ் நூல் இல்லை, தமிழ்ச் சங்கம் இல்லை, தமிழர் என்ற தன்னறிவிப்பும் இல்லை. ஆயினும் பெங்களூரின் பழைய பேட்டைப் பகுதியில் ஆண்டுதோறும் சித்திரை வளர்பிறையில் ஏறத்தாழ ஒன்பது நாள் நிகழும் கரக விழாவைக் காணும் தமிழ் ஆய்வாளர் ஒருவர், தாம் செஞ்சிப் பகுதியில் கண்ட ஒன்றை வேறோர் உடையில் காண்பதாக உணராமல் இருக்க இயலாது. அவ்விழாவைத் தமிழகத் திரௌபதியம்மன் விழாவோடு ஒப்பிட்டு, பெயர்ச்சியில் நிலைத்தது எது, உதிர்ந்தது எது என இக்கட்டுரை ஆராய்கிறது.

திகளர்

கன்னடத்தில் 'திகள' என்பது தமிழரைப் பொதுவாகக் குறித்து வந்த சொல். கிரந்த எழுத்தோடு உறவுடைய பழைய எழுத்து வடிவம் ஒன்று கருநாடகத்தில் 'திகளாரி' என வழங்குவதும் இதனோடு எண்ணத்தக்கது. காலப்போக்கில் அச்சொல் தோட்டப் பயிர்த்தொழிலில் ஈடுபட்ட ஒரு சமூகத்தின் பெயராகச் சுருங்கிற்று. எட்கர் தர்ஸ்டன் 1909ஆம் ஆண்டு வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் தொகுதிகளில் திகளரைத் தமிழ்நாட்டுப் பள்ளிகளோடு தொடர்புபடுத்துகிறார். இச்சமூகத்தின் ஒரு பிரிவினர் வன்னிகுல சத்திரியர் எனத் தம்மை அழைத்துக்கொள்வதும், தீயிலிருந்து தோன்றியோர் எனக் குலக்கதை கூறுவதும் வட தமிழகத்து வன்னியரின் மரபோடு ஒத்துச் செல்கின்றன. இவர்களின் வீட்டுமொழி தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்த ஒன்று. பள்ளியிலும் கடைவீதியிலும் வழங்குவது கன்னடமே.

இவர்கள் எக்காலத்தில் பெங்களூருக்கு வந்தனர் என்பது குறித்துப் பல கதைகள் வழங்குகின்றன. கெம்பேகவுடர் நகரை அமைத்ததாகக் கூறப்படும் 1537க்கு முன்பே தருமராயர் கோயில் இருந்தது என்பாரும் உளர். ஐதர் அலி காலத்தில் லால்பாக் தோட்டத்தோடு தொடர்புபடுத்துவாரும் உளர். காலத்தை உறுதிசெய்வதைவிட இடத்தை நோக்குவது பயன் தரும். திகளர் குடியிருப்புகள் ஏரிகளை ஒட்டியே அமைந்தன. சம்பங்கி ஏரி, தருமாம்புதி ஏரி, லால்பாக் ஆகியவற்றைச் சூழ்ந்த நிலங்களில் அவர்கள் காய்கறியும் பூவும் பயிரிட்டனர். ஏரிநீரை நம்பிய தோட்டக்காரர்களின் தெய்வத்திற்கு நீர்க்குடமே வடிவாக அமைந்ததில் வியப்பில்லை.

ஒன்பது நாள்

வளர்பிறை ஏழாம் நாள் கொடியேற்றத்துடன் விழா தொடங்குகிறது. தொடக்க நாள்களில் கோயில் பூசைகளும், வீரகுமாரர் எனப்படும் ஆடவர் காப்புக் கட்டி நோன்பு ஏற்பதும், பழைய ஏரி குளங்கள் இருந்த இடங்களுக்குச் சென்று வழிபடுவதும் நிகழும். முழுநிலவுக்கு முன்னதாக ஓர் இரவில் 'ஹசி கரகம்' நீர்நிலையில் உருவாக்கப்பட்டுக் கோயிலுக்குக் கொண்டுவரப்படுகிறது. ஹசி என்பது பச்சை, பதப்படாதது எனப் பொருள்படும் கன்னடச் சொல். சுடாத மண்ணால் ஆன குடம் இது. இதனுள் இருப்பது இன்னது என வெளியே கூறுவதில்லை. முழுநிலவு நாளின் நள்ளிரவு கடந்து, மல்லிகையால் கோபுரம்போல் வேய்ந்த 'ஹூவின கரகம்' புறப்படுகிறது. தமிழில் பூங்கரகம் என்பதன் நேர்ச்சொல் இது.

கரகம் சுமப்பவர் திகளச் சமூகத்தின் பூசாரி, ஆண். மஞ்சள் சேலை, வளையல், தாலி, பூ ஆகியவற்றுடன் திரௌபதியாகவே அவர் வருகிறார். தம் மனைவியின் தாலியையும் வளையலையும் அவர் அணிந்துகொள்வதும், அந்நாள்களில் மனைவி அவரைக் காணாது ஒதுங்கியிருப்பதும் மரபு. கையால் தொடாமல் தலையில் கரகத்தைத் தாங்கி, ஆடிய வண்ணம் அவர் விடியும் வரை பேட்டைத் தெருக்களில் செல்கிறார். உருவிய வாளுடன் வீரகுமாரர் சூழ்ந்து செல்கின்றனர். கரகம் விழுமாயின் அவ்வாள்கள் சுமப்பவர் மீதே பாய வேண்டும் என்பது ஏற்பாடு. வாளை மார்பில் பதித்து அவர்கள் செய்யும் வழிபாட்டிற்கு 'அலகு சேவை' எனப் பெயர்.

அலகு என்னும் சொல் நின்று நோக்கத்தக்கது. தமிழகத்துத் திரௌபதியம்மன் கோயில்களில், கரகம் ஏற்றும்போது குடத்தின் விளிம்பில் வாளை நிறுத்திக் காட்டும் 'அலகு நிறுத்தல்' என்னும் சடங்கு உண்டு. வாள் தானே நின்றால் அம்மன் குடத்தில் இறங்கினாள் என்பது நம்பிக்கை. தமிழகத்தில் குடத்தின்மேல் நிற்கும் வாள் பெங்களூரில் வீரரின் மார்பில் நிற்கிறது, பெயர் மாறவில்லை. கரகம் என்ற சொல்லும் அவ்வாறே. தொல்காப்பிய மரபியலில் அந்தணர்க்குரிய பொருள்களுள் ஒன்றாகச் சுட்டப்படும் கரகம் வெறும் நீர்க்கலமே. அக்கலம் தெய்வம் உறையும் இடமாக ஆனது பிற்கால நாட்டார் வழிபாட்டில். பெங்களூரில் இச்சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்து, கையால் தீண்டாது தலையில் தாங்கிச் செல்வது எனப் பொருள் கூறும் வழக்கு உண்டு. அது பொருந்தாச் சொல்லாராய்ச்சி எனினும், சொல்லின் வேர் மறந்துபோன இடத்தில்தான் இத்தகைய விளக்கங்கள் பிறக்கும் என்ற அளவில் அதுவும் ஒரு சான்றே.

வில்லி நின்ற இடம்

தமிழகத்தில் திரௌபதியம்மன் விழா நூலைச் சார்ந்தது. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து என்ற இரட்டை நிரலே அதன் அமைப்பு. பிரசங்கியார் வில்லிபுத்தூராரின் விருத்தங்களைப் பாடிப் பொருள் கூறுவார். அன்று கூறிய பகுதியையோ அதனை ஒட்டியதையோ இரவில் கூத்தர் ஆடுவர். வில் வளைப்பு, பகடை துயில், அருச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் எனக் கதை நகர்ந்து, படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் உருவின்மேல் முடிவெய்தும். திரௌபதி கூந்தல் முடிப்பாள். மாலையில் தீமிதி நடைபெறும். கோயிலில் பாரதம் வாசிக்கும் இவ்வழக்கம் மிகத் தொன்மையானது. காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் கிடைத்த முதலாம் பரமேசுவரவர்மனின் ஏழாம் நூற்றாண்டுச் செப்பேடு, மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென ஒரு பங்கு ஒதுக்குகிறது. பெருந்தேவனாரின் பாரத வெண்பாவும், பதினைந்தாம் நூற்றாண்டு சார்ந்த வில்லிபாரதமும், பதினெட்டாம் நூற்றாண்டு நல்லாப்பிள்ளை பாரதமும் இவ்வாசிப்பு மரபுக்குள் வைத்தே எண்ணத்தக்கவை.

வில்லிபாரதம் பத்துப் பருவங்களோடு நிற்கிறது. பதினெட்டாம் நாள் போரும் அதனை அடுத்த இரவின் படுகொலையும் முடிந்ததும் நூல் முடிகிறது. நல்லாப்பிள்ளை எஞ்சிய பருவங்களையும் பாடிப் பதினெட்டையும் நிறைவு செய்தார். ஆயினும் களத்து மேடைகளில் கூத்தும் பிரசங்கமும் பெரும்பாலும் வில்லி நின்ற இடத்தில், அல்லது தருமர் முடிசூட்டோடு, நின்றுவிடுகின்றன. போரில் தொடங்கும் சினம் போரின் முடிவில் தணிவதே அங்குப் பொருள்.

பெங்களூர்க் கதை இதற்கு அப்பால் தொடங்குகிறது. பாண்டவர் எல்லாம் துறந்து விண்ணுலகை நோக்கிச் செல்கையில் திரௌபதி பின்தங்கி விழுகிறாள். திமிராசுரன் என்பவன் எதிர்ப்படுகிறான். அவள் சத்தி வடிவெடுத்துத் தன் உடலிலிருந்து வீரகுமாரர்களைத் தோற்றுவிக்கிறாள். அவர்கள் அரக்கனை அழிக்கின்றனர். பின்னர் அவள் புறப்பட, பிள்ளைகள் பிரிய மறுக்கின்றனர். ஆண்டுக்கு ஒருமுறை வந்து அவர்களோடு சில நாள் இருப்பதாக அவள் வாக்களிக்கிறாள். கரக விழா அவ்வாக்கின் நிறைவேற்றம். இக்கதையின் விதை வியாச பாரதத்தின் பதினேழாம் பருவத்தில் உள்ளது. அங்கே வழியில் விழுபவர்களுள் முதல்வர் திரௌபதியே. திமிராசுரனும் வீரகுமாரரும் எந்நூலிலும் இல்லாதவர்கள். விழாவில் இதனை வாய்மொழியாகச் சொல்பவர் மணி ஏந்திய பூசாரி மரபினர். அதற்கு வில்லியின் விருத்தம் அடிப்படையன்று.

தமிழகத்தில் போரின் முடிவைக் கொண்டாடும் சமூகம், பெயர்ந்த ஊரில் போருக்குப் பிந்தைய பிரிவையும் மீள்வரவையும் கொண்டாடுகிறது. தாய் விட்டுச் சென்ற பிள்ளைகள் என்ற கதை, தாய்நிலம் விட்டு வந்தவர்களுக்கு உரிய கதையாக அமைந்திருப்பதை அவ்வளவு எளிதாக நேர்ச்சமன்பாடாக்குவதும் தவறு. எந்தக் குலக்கதையும் அத்தனை வெளிப்படையாக இயங்குவதில்லை. ஆயினும் வில்லி நின்ற இடத்தில் தமிழகம் நிற்க, அவர் பாடாத பகுதியைத் திகளர் தம் விழாவாக்கிக் கொண்டனர் என்பது பாரதத்தின் தமிழ்ப் பரவலை எழுதுவோர் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி. பிரசங்கியாரும் ஏடும் கூத்துக் குழுவும் இன்றி ஒரு பாரத மரபு நூற்றாண்டுகள் நடந்திருக்கிறது. உடன் வந்தவை குடமும் வாளும் நோன்பும் நடைவழியுமே.

தீமிதி குறித்தும் ஒன்று கூற வேண்டும். தமிழகத்தில் பூங்கரகம் தீக்குழியை நோக்கிச் செல்லும். பல ஊர்களில் கரகம் ஏந்திய பூசாரி இறங்கிய பின்னரே பிறர் இறங்குவர். திகளர்பேட்டை விழாவில் கரக ஊர்வலமே உச்சம். வழியாக இருந்தது முடிவாகிவிட்டது. நெருக்கமான பேட்டைத் தெருக்களில் ஊர் முழுவதும் காணத்தக்க நிகழ்வாக அமைவது ஊர்வலமே என்பதும் இதற்கு ஒரு காரணமாகலாம்.

நீர் போன பின்

கரகம் நீர்நிலையில் பிறக்க வேண்டும். அந்நீர்நிலைகளின் கதையோ வேறு திசையில் சென்றது. 1896ஆம் ஆண்டு எசரகட்டாவிலிருந்து பெங்களூருக்குக் குழாய்நீர் வந்தது. ஊருக்கு நீர் தந்த ஏரிகள் மெல்ல மெல்லத் தேவையற்றவையாயின. தருமாம்புதி ஏரி இன்று கெம்பேகவுடர் பேருந்து நிலையம். சம்பங்கி ஏரியின் பெரும்பகுதி கண்டீரவா விளையாட்டரங்கம். கரகச் சடங்குக்கென அங்கு ஒரு சிறு குளம் மட்டும் விடப்பட்டுள்ளது. ஸ்மிருதி ஸ்ரீநிவாஸ் 2001ஆம் ஆண்டு வெளியிட்ட பெங்களூர் கரகம் பற்றிய ஆங்கில நூல், இவ்விழா நகரம் மறந்த ஏரிகளின் வரைபடத்தை ஆண்டுதோறும் கால்களால் மீண்டும் வரைகிறது என்ற நோக்கில் அமைந்தது. அந்நோக்கு ஏற்கத்தக்கதே. தோட்டத்தொழில் போயிற்று, ஏரி போயிற்று, ஏரி இருந்த இடத்திற்கு நடக்கும் கடமை மட்டும் போகவில்லை. தமிழக ஊர்களில் பாரதம் கேட்டால் மழை பொழியும் என்ற நம்பிக்கையோடு இதனை ஒப்பிட்டால், திரௌபதி வழிபாட்டின் அடிப்படையில் நீர் எத்துணை ஆழமாக உள்ளது என்பது விளங்கும்.

ராவுத்தரும் மஸ்தானும்

கரக ஊர்வலத்தில் வெளியூரார்க்கு வியப்பளிப்பது, அது பருத்திப்பேட்டையில் உள்ள ஹஸ்ரத் தவக்கல் மஸ்தான் தர்காவுக்குச் செல்வது. அங்குக் கரகம் வலம் வருகிறது. பூவும் எலுமிச்சையும் கைமாறுகின்றன. இதற்குக் காரணமாக அவ்விறையடியாரைக் கரக ஊர்வலத்தோடு இணைக்கும் கதைகள் வழங்குகின்றன. இதழ்களும் சுற்றுலா விளம்பரங்களும் இதனைப் பெங்களூருக்கே உரிய மத நல்லிணக்கம் எனப் போற்றுகின்றன. போற்றட்டும். ஆனால் பெங்களூருக்கே உரியது என்பது ஆராயத்தக்கது.

செஞ்சிப் பகுதித் திரௌபதியம்மன் கோயில்களின் வாயிலில் இரு காவலர் உண்டு. ஒருவர் போத்துராசா, போருக்கு வேண்டிய சடங்குப் பொருள்களைத் தன்னிடம் வைத்திருந்த அரசன் என்றும், பாண்டவரின் தங்கை சங்குவதியை மணந்தவன் என்றும் கதை கூறும். மற்றவர் முத்தால் ராவுத்தர். பெயரே காட்டுவதுபோல் குதிரைவீரரான இசுலாமியர். அம்மனுக்கு மரக்கறிப் படையலே உரியது. ராவுத்தருக்குரிய படையல் வேறு. அவர் இடம் வாயிலுக்கு வெளியே. ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988, 1991ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளியிட்ட திரௌபதி வழிபாடு பற்றிய நூல் இவ்விருவரையும் விரிவாக ஆராய்கிறது. செஞ்சிக் கோட்டை நாயக்கர், பீசப்பூர்ப் படை, மராத்தியர், முகலாயர் எனக் கைமாறிய பதினேழாம் நூற்றாண்டை நினைத்தால், இசுலாமியக் குதிரைவீரர் ஒருவர் அம்மனின் காவலரானதற்குரிய வரலாற்றுச் சூழல் தெளிவாகிறது.

போத்துராசா பெங்களூர் விழாவிலும் உள்ளார். ராவுத்தர் இல்லை. அவர் நிற்க வேண்டிய இடத்தில் தர்கா நிற்கிறது என்பதே பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகிறது. அம்மனின் எல்லையில் ஓர் இசுலாமியர் இருந்தாக வேண்டும் என்ற அமைப்பு நினைவில் தங்கியிருந்தது. பெயரும் உருவமும் புதிய ஊரில் கிடைத்தன. கற்பனைக் காவலர் இருந்த இடத்தில், உண்மையில் வழிபடப்படும் அடக்கத்தலமும் அதனைப் பேணும் மக்களும் வந்தமைந்தனர். இதனால் உறவு உறுதியாயிற்று; சிக்கலுக்கு உரியதாகவும் ஆயிற்று. கோயில் வாயிலில் நிற்கும் ராவுத்தர் சிலையை எவரும் கேள்வி கேட்பதில்லை.

தமிழ் விழாவா?

கரகம் தமிழர் விழா என உரிமை கோரும் எழுத்துகள் அவ்வப்போது தமிழில் வெளிவருவதுண்டு. மூலத்தை மட்டும் நோக்கின் அதற்குச் சான்று உண்டு. ஆனால் திகளர் தம்மைத் தமிழர் என அறிவித்துக்கொள்பவர் அல்லர். அவ்விழாவைப் பெங்களூர் தன் விழாவாக ஏற்றுக்கொண்டது அவ்வாறு அறிவிக்காததாலும் ஆகும். 1991ஆம் ஆண்டு டிசம்பரில் காவிரிச் சிக்கலை ஒட்டிப் பெங்களூரில் தமிழர்மீது தாக்குதல்கள் நிகழ்ந்தன. அல்சூரில் அவ்வாண்டு நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை திறக்கப்படாமல் மூடியே கிடந்து, 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாளே திறந்துவைக்கப்பட்டது. நூலும் பெயரும் உடைய தமிழ் பதினெட்டு ஆண்டுகள் துணிக்குள் காத்திருந்த அதே ஊரில், பெயர் இழந்த தமிழ் மரபு ஒன்று ஆண்டுதோறும் மல்லிகை சூடித் தெருவில் வந்தது. இவற்றுள் எது பேறு, எது இழப்பு என ஒரு சொல்லில் தீர்ப்புக் கூற இயலாது. உரிமைக் குரல் எழுப்புவோர், தாம் மீட்க விரும்புவதை அக்குரலே சிதைக்கக்கூடும் என்பதை எண்ண வேண்டும்.

விழாவைக் கொள்ளை நோயும் தடுக்கவில்லை, ஊர்வலத்தையே தடுத்தது. 2020ஆம் ஆண்டு கரகம் கோயில் அளவில் சிலரோடு நடந்தது. 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் விழா மீண்டும் தெருவுக்கு வந்தபோது, தர்காவுக்குச் செல்லக் கூடாது எனச் சில அமைப்பினர் வற்புறுத்தினர். கருநாடகத்தில் மதச் சச்சரவுகள் மிகுந்திருந்த ஆண்டு அது. கோயில் நிர்வாகத்தினர் மரபு மாறாது என அறிவித்தனர். தர்காவைச் சார்ந்தோரும் கரகத்தை வரவேற்கக் காத்திருப்பதாகக் கூறினர். அவ்வாண்டு முழுநிலவு இரவிலும் கரகம் பருத்திப்பேட்டைக்குச் சென்றது. மஸ்தான் தர்காவை வலம் வந்த பின்னரே கோயிலுக்குத் திரும்பியது.